மணிக்கூடு கட்டிய யானை

எங்கள் கல்முனைக்குடி வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் ஓட்டோ ஒன்று நுழைந்தாலே திரும்ப முடியாது. அந்த ஒழுங்கையில் ஒரு மாத காலம் இரவுதோறும் ஒரு யானை வந்துபோனது. பார்த்தது நான் ஒருத்திதான். எனக்கு அப்போது ஏழு வயது.

என் அக்கா, ராத்தாவின் கலியாணம் முடிந்த கிழமையில்தான் அது தொடங்கியது. யானை கூடத்துச் சுவரை இடித்துக்கொண்டு வரும். ராத்தாவைத் தும்பிக்கையால் சுற்றித் தூக்கிக்கொண்டு போகும். நான் கத்துகிற கத்தலில் வீடே எழும்பிவிடும்.

"ஓட்டோவே திரும்ப ஏலாத ஒழுங்கைக்குள்ள யானை எப்படி மகள் வரும்?" என்று வாப்பா நியாயம் கேட்பார். யானைக்கு அந்த நியாயம் தெரியவில்லை.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். கலியாண வீட்டில் பட்ட கண்ணூறு என்று உம்மா மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டார். எல்லோரும் இருமியதுதான் மிச்சம். பள்ளிவாசல் லெப்பை தண்ணீர் ஓதித் தந்தார். இரவில் கொத்துரொட்டி தின்பதால் வரும் கனவு என்று வாப்பா கண்டுபிடித்து, அதை நிறுத்தியும் விட்டார். யானையை விட அந்தத் தீர்ப்புத்தான் எனக்குக் கொடுமையாக இருந்தது.

வாப்பாவின் தங்கையான மாமி பழியைப் புது மாப்பிள்ளையான மச்சான் மேல் போட்டார். மச்சான் சம்மாந்துறைக்காரர், வயல் செய்கிறவர். நிக்காஹ் அன்று வாப்பா கட்டிவிட்ட தங்கநிற மணிக்கூடு கையில் மின்ன, வயலுக்குள் யானை வந்த கதைகளைச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லுவார். "கதை சொல்லியே புள்ளையப் பயங்காட்டிப் போட்டார்" என்று மாமி சொன்ன நாளிலிருந்து, பாவம், வாயைச் சோற்றுக்கு மட்டும் திறந்தார்.

கடைசியில் ஒரு டொக்டரிடம் கூட்டிப்போனார்கள். வீட்டில் புதிதாக ஏதும் நடந்ததா, யாரும் வீட்டை விட்டுப் போனார்களா என்று அவர் கேட்டார்.

"ஒண்டுமில்ல டொக்டர். மூத்த மகளக் கலியாணம் முடிச்சிக் குடுத்த. அவ எங்க போற? வீட்டிலதான் இரிக்கா" என்றார் உம்மா.

அதில் பொய் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த பெண் வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளைதான் வருவார். அதனால் பெண்ணைப் பிரிகிறோம் என்று அழ எங்கள் கலியாண வீடுகளில் ஆளில்லை. கூடத்துப் பாயில் என் பக்கத்தில் படுத்த ராத்தா, இப்போது எட்டடி தள்ளி ஒரு கதவுக்குப் பின்னால் படுத்தார். அவ்வளவுதான். டொக்டர் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எழுதித் தந்தார்.

மறுநாள் காலைத் தேநீரின்போது, இத்தனை நாள் யாரும் கேட்காத ஒன்றை மச்சான் கேட்டார்.

"அந்த யானை எப்படியிருக்கும், புள்ள?"

"பெருசு. கொம்பு இல்ல. முன்னங்கால்ல மணிக்கூடு கட்டியிருக்கும். தங்கக் கலர்."

வாப்பாவுக்குச் சிரிப்பில் தேநீர் புரையேறியது. மாமி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. சற்று நேரம் கழித்து, ஒரு வெற்றுப் பால்மா டின்னும் தடியும் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

"எங்கட வயலுக்குள்ள யானை வந்தா நாங்க அழுறல்ல. தகரந்தான் அடிக்கிற. நீயும் அடி, ஓடும்."

அன்றிரவு அடித்தேன் பாருங்கள்! பக்கத்து வீடுகளில் எல்லாம் லைட் எரிந்தது. "நோம்புக்கு இன்னும் மூணு மாசம் கிடக்கு. ஸஹர் சாப்பாட்டுக்கு எழுப்புறது ஆரு?" என்று மதிலுக்கு அப்பால் ஒருவர் சத்தம் போட்டார். எட்டடிக்கு அப்பால் இருந்த கதவு திறந்தது. ராத்தா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "உள்ள கூட்டிட்டுப் போ. நான் இங்க யானைக்குக் காவல்" என்று சொல்லி, மச்சான் தலையணையோடு வந்து என் பாயில் படுத்தார். ராத்தா பக்கத்தில் கிடக்க எனக்கு உலகத்தையே திருப்பித் தந்த மாதிரி இருந்தது. ராத்தாவும் என்னை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கினார்.

அடுத்த இரவு யானை வராமலே அடித்தேன். அதற்கடுத்த இரவும் அப்படித்தான். மச்சான் ஒரு கிழமை முழுக்க நுளம்பு கடித்து உடம்பெல்லாம் தடிக்கக் கூடத்தில் கிடந்தார். பிறகு ஒருநாள் டின்னை அடிக்க மறந்து விடியும்வரை தூங்கிவிட்டேன். அதன்பிறகு அந்த அறைக் கதவு சாத்தப்படவில்லை, திரைச்சீலை மட்டும்தான் ஆடியது. யானையும் வரவில்லை. நான் ஒற்றையாய் யானை விரட்டிய வீரத்தைப் பள்ளிக்கூடமெல்லாம் பரப்பினேன்.

பெருநாளன்று மச்சானின் வெறுங்கையைப் பார்த்து, மணிக்கூடு எங்கே என்று வாப்பா கேட்டார்.

"அது பழுதாப் பெய்த்து, மாமா."

ஆனால் அன்றைக்கே ராத்தாவின் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் அதைக் கண்டேன். சரியான நேரம் காட்டி, டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது. நல்ல மணிக்கூட்டைக் கட்டத் தெரியாமல் ஒளித்து வைத்திருக்கிறாரே இந்த மனுசர் என்று நினைத்து, அலுமாரியை மூடிவிட்டு விளையாடப் போனேன்.