பென்டில் ஹில் ரயிலில் நான் சொன்ன வாக்குமூலம்

மருத்துவமனையில், இரத்தப் பரிசோதனை முடிவுகளை வார்டுகளின் திரைகளுக்கு அனுப்பும் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதே பிரிவில் வேலை செய்யும் ஒரு யாழ்ப்பாணத்து அக்காவும் நானும் பென்டில் ஹில்லில் ஒன்றாக ரயில் ஏறுவோம். சிட்னியில் எனக்கு முதலில் கிடைத்த நட்பு அவர்தான்.

ஒரு குளிர்காலத் திங்கட்கிழமை, அந்த மென்பொருள் நின்றுபோனது. பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தது நான். மறுநாள் ரயிலில் அக்காவிடம், "அது சும்மா அதிர்ஷ்டம்க்கா. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு ஒருநாள் கண்டுபிடிச்சிடுவாங்க," என்றேன்.

"உமக்கு விசர். பேசாம வாரும்," என்று சிரித்தார். விசர் என்றால் அவர் ஊர்ப் பேச்சில் பைத்தியம்.

இந்தப் பயத்துக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்று பெயர் இருப்பதைப் படித்திருக்கிறேன். பெயர் தெரிந்ததால் பயம் குறையவில்லை. அக்காவிடம் சொன்னால் குறைந்தது. அதனால் அடிக்கடி சொன்னேன்.

ஈஸ்டர் முடிந்த வாரம், குழுத் தலைவர் பதவிக்கு விண்ணப்பித்தேன். இங்கே நம் வேலையை அறிந்த இருவரின் பெயரைத் தர வேண்டும். தேர்வுக்குழு அவர்களை அழைத்து விசாரிக்கும். என் பழைய மேலாளர் ஒருவர். இன்னொருவராக, என் வேலையை நாள்தோறும் பார்க்கும் வார்டுத் தலைமை நர்ஸைக் கேட்டிருக்கலாம். வெள்ளைக்காரப் பெண்மணியிடம் போய் உதவி கேட்கக் கூச்சம். நம் அக்கா இருக்கிறாரே என்று அவர் பெயரைக் கொடுத்தேன்.

வேலை வேறொருவருக்குப் போனது. காரணம் கேட்டபோது, தேர்வுக்குழுவை நடத்திய பெண் மேலாளர் கனிவாகத்தான் சொன்னார்: நேர்காணலில் என் பதில்கள்தான் சிறந்தவை, ஆனால், என் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்திலேயே நான் வாழ்வதாக, என்னை நன்கு அறிந்த ஒருவர் கவலைப்பட்டாராம்.

அதை நான் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

"நான் பொய் சொல்லேல்லை," என்றார் அக்கா. "நீர்தானே ஒவ்வொரு நாளும் சொல்லுறனீர். பொறுப்புக் கூடினா உடைஞ்சு போவீர் எண்டு, உம்மட நல்லதுக்குத்தான் சொன்னனான்."

"அந்தத் திங்கட்கிழமை யாரு சரிபண்ணினதுன்னு சொன்னீங்களா அக்கா?"

"அதை அவ கேக்கேல்லையே."

அவருக்கு இதில் ஒரு லாபமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குப் புரிந்துகொள்வது எளிதாக இருந்திருக்கும்.

பல வாரங்கள் கோபத்தோடு யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. என் திறமைக்கு எதிராக அந்தக் குழுவின் முன் இருந்த ஒரே சாட்சி என் சொந்தச் சொற்கள். மற்றதெல்லாம் என் பக்கம் இருந்தது.

அடுத்த ஆண்டு அதே பதவி மீண்டும் காலியானது. "இந்த முறை நல்லாச் சொல்லுவன், என்ர பேரைப் போடும்," என்றார்.

"வேண்டாம்க்கா."

தலைமை நர்ஸிடம் கேட்டேன். போன தடவையே ஏன் தன்னைக் கேட்கவில்லை என்றார்.

இப்போது அந்தப் பதவியில் இருக்கிறேன். பயம் இன்னும் சில காலைகளில் வருகிறது. வந்தாலும் கூட்டத்துக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தப் பயத்தைச் சொல்லிச் சிரிக்க இப்போது ஆள் இல்லை.