ஆடி மாசத்தில் திருத்திய பக்கம்

ஒத்தக்கடையில் பஸ் ஏறினால் இறங்குகிற வரைக்கும் என் கண்ணுக்கு ஓய்வு கிடையாது. கடை போர்டு, சுவர் விளம்பரம், ஆட்டோவின் முதுகு, எது கண்ணில் பட்டாலும் வாசித்தாகணும். வாசித்தால் தப்புத்தான் முதலில் தெரியும். மேலூர் ரோட்டில் ஒரு கறிக்கடையில் 'இங்கு சுத்தமான ஆட்டுக்கறி கிடைக்கப்படும்' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் 'படும்' தினமும் காலையில் என் உயிரை வாங்கும். இறங்கிப் போய்ச் சொல்லலாமா என்று யோசிப்பேன். அதற்குள் பஸ் நகர்ந்துவிடும்.

டவுனில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை எனக்கு. கல்யாணப் பத்திரிகையிலிருந்து காலேஜ் மலர் வரைக்கும் என் கண்ணைத் தாண்டித்தான் போகணும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கண்ணைக் கழற்றி வைக்கவா முடியும். "இவ சாமி முன்னால நின்னாலும் அர்ச்சனைச் சீட்டுல எழுத்துப் பிழை பாப்பா" என்று அக்கா கேலி பண்ணுவாள். பண்ணட்டும். பார்த்தது உண்மைதான்.

அக்கா நர்ஸ். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஷிப்ட் பார்த்து முழங்கால் தேய்ந்தவள். போன வருஷம் துணிந்து வேலையை விட்டாள். படுக்கையில் கிடக்கிற பெரியவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்க் கவனிக்கிற தொழில் ஆரம்பிக்கிறேன் என்றாள். அவளை நம்பி அவளோடு வேலை பார்த்த ரெண்டு பெண்களும் வேலையை விட்டுவிட்டு வந்தார்கள். திரும்பிப் போக வழி கிடையாது. போனாலும் இந்த வயசில் யார் எடுப்பார்கள். தொழில் நிலைத்தால் மூன்று வீட்டில் அடுப்பு எரியும், இல்லையென்றால் இல்லை.

எல்லாம் சரியாகத்தான் போனது, வெப்சைட் என்று ஒன்று வருகிற வரைக்கும். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளைத்தான் அக்கா நம்பியிருந்தாள். அவர்கள் போனில் தேடித்தானே ஆள் பிடிப்பார்கள். அதனால் வெப்சைட் வேண்டும். செய்து கொடுக்க வந்தவர் அத்தானின் சிநேகிதர். பிளக்ஸ் கடை வைத்திருக்கிறார். காதுகுத்து, வசந்த விழா, கண்ணீர் அஞ்சலி என்று கீழக்குயில்குடிப் பக்கம் கட்டுகிற பிளக்ஸ் முக்கால்வாசி அவர் கைவண்ணம்தான். "பிளக்ஸ் அடிக்கிறவனுக்கு வெப்சைட் என்ன மாப்ள, அதுவும் ஒரு போர்டுதானே" என்று அத்தானிடம் சொல்லியிருக்கிறார். நல்ல மனுஷர். அவர்மேல் எனக்கு இப்போதும் கோபம் இல்லை. கோபமெல்லாம் அத்தான்மேல்தான்.

அத்தான் விவசாயி. பஞ்சாங்கம் பார்க்காமல் மோட்டார்கூடப் போட மாட்டார். ஆடி பிறக்கப் போகிறது, அதற்குள் வெப்சைட்டைத் திறந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எழுதினதை எனக்கு அனுப்புங்கள், ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "நேரம் இல்லம்மா, ஆனி கடைசி முகூர்த்தம். முதல்ல தொறப்போம், பெறகு பாத்துக்கலாம்" என்றுவிட்டார்.

ஆனி கடைசியில் அக்கா வீட்டு நடுக்கூடத்தில் வைத்துத் திறந்தார்கள். லேப்டாப்புக்குச் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழம் வெட்டி, சூடம் காட்டி, தேங்காய் உடைத்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு விரலால் தொட்டாள். பக்கம் திறந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. வாசித்துக்கொண்டிருந்தேன்.

தலைப்பிலேயே 'கவணிப்பு'. அதற்குக் கீழே 'உங்கள் பெற்றோரை நாங்கள் அன்புடன் கவனிக்கப்படும்'. 'மருந்து' என்று வர வேண்டிய இடத்தில் 'மருத்து'. அக்காவின் படிப்பிலேயே ஒரு எழுத்தைக் காணோம். அடியில் ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு எரிய, நடுவில் 'இவண்: குடும்பத்தார், உற்றார் உறவினர்' என்று இருந்தது. அந்த விளக்கையும் அந்த வரியையும் எங்கே பார்த்தோம் என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை. ஊர் முக்கில் கட்டுகிற கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் இருக்கிறது அது.

"அண்ணே, இது எழவு பிளக்ஸ்ல வர்ற அடிப்பக்கந்தானே" என்று பிளக்ஸ்காரரிடம் கேட்டேன்.

"ஆமா தங்கச்சி, டிசைன் நல்லா அமைஞ்சிருச்சேன்னு அந்த பார்டர மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்றார் அவர், வெள்ளந்தியாக.

அத்தானுக்கு முகம் சுருங்கிப் போனது. "வெளக்குன்னா மங்களந்தானே. நல்ல நேரத்துல நொட்டை சொல்லாத" என்றார். இதை உடனே இறக்குங்கள், எழுத்தையெல்லாம் திருத்திவிட்டு ஏற்றலாம் என்றேன். அப்போதுதான் பிளக்ஸ்காரர் இன்னொரு குண்டைப் போட்டார். பிளக்ஸ் செய்கிற மாதிரியே மொத்தப் பக்கத்தையும் ஒரே படமாகச் செய்து ஒட்டியிருக்கிறாராம். ஒரு எழுத்தை மாற்றணும் என்றாலும் முழுப் பக்கத்தையும் எடுத்துவிட்டுப் புதுசாகத்தான் போடணும். அதைச் செய்து முடிக்க ஆடி பிறந்துவிடும். தொறந்ததை மூடி, ஆடியில் மறுபடி தொறக்கிறதா, அபசகுனம், பேச்சே கிடையாது என்று அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். "விடுடி. நம்பர் சரியா இருக்கு, அது போதும். எழுத்த யாரு பாக்குறா" என்றாள். அவளுக்கும் சங்கடம்தான். ஆனால் வாசலில் மனுஷன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறபோது அவள்தான் என்ன செய்வாள்.

அந்த ஆடி முழுக்க நான் நானாக இல்லை. அச்சகத்தில் உட்கார்ந்தால் உட்கார முடியாது. அடுத்தவன் வீட்டுப் பத்திரிகையில் ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன், சொந்த அக்காவின் பிழைப்பு எழவு பார்டரோடு ஊரெல்லாம் தொங்கும். பஸ்ஸில் போனை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன், மூடுவேன், மறுபடி திறப்பேன். தானாகவே சரியாகியிருக்குமா என்ன. இருந்தாலும் திறப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்தால் போனைச் சேலைக்குள் ஒளித்துக்கொள்வேன். கோயிலுக்குக் கோயில் கூழ் ஊற்றி மைக் செட் அலறுகிறது, அக்காவின் போன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்த ரெண்டு பெண்களும் தினம் காலையில் அக்கா வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டுச் சாயங்காலம் போவார்கள். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை.

சும்மா இருக்க முடியாமல் பக்கம் முழுவதையும் நானே திருப்பி எழுதினேன். எழுதி என் பைக்குள் வைத்துக்கொண்டே அலைந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் அக்கா வீட்டில் இருந்தபோது போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டாள். வளைகுடாவிலிருந்து ஒரு பெண். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, கோரிப்பாளையத்தில் இருக்கிறார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். சர்க்கரையும் இருக்கிறது, இதயத்துக்கும் மாத்திரை. அம்மாவால் ஒற்றை ஆளாகச் சமாளிக்க முடியவில்லை. அக்கா உற்சாகமாகப் பேச ஆரம்பித்தாள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் குறுக்கிட்டாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்களப் பத்தி ஒருத்தங்க நல்லாத்தான் சொன்னாங்க. அப்பறம் உங்க வெப்சைட்ட பாத்தேன். மருந்துங்கிற வார்த்தையே தப்பா இருக்கு. எங்க அத்தாவுக்கு ஒரே மாதிரி பேருல ரெண்டு மாத்திரை இருக்குக்கா. ஒண்ணு காலைல, ஒண்ணு ராத்திரி. மாத்திக் குடுத்துட்டா என்ன ஆகும்னு நெனச்சாலே எனக்குத் தூக்கம் போயிருது."

அக்கா வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே தொடர்ந்தாள்.

"அங்க இருந்தா நேர்ல வந்து உங்க முகத்தப் பாத்திருப்பேன். இம்புட்டுத் தூரத்துல இருந்து எனக்குத் தெரியறது அந்த எழுத்து மட்டுந்தானே. அதப் போட்டப்பறம் யாருமே ஒரு தடவ படிச்சுப் பாக்கலயாக்கா? கடைசில அந்த ரெண்டு விளக்கும் அதுக்கு நடுவுல எழுதியிருக்கறதும் பாத்தேன். ஆபரேஷன் முடிஞ்சு வந்தவரு எங்க அத்தா. அப்பவே அந்தப் பக்கத்த மூடிட்டேன். வேற இடத்துல விசாரிச்சுக்கறேன். சொல்லாம விட மனசு வரல, அதான் கூப்பிட்டேன்."

போன் வைத்தாகிவிட்டது. நான் சொன்னதுதான் நடந்தது என்று எனக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை.

அக்காவிடம் ஒரு வழக்கம் உண்டு. மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது பேரை வாசிப்பாள். கொடுக்கும் முன்னால் வாசிப்பாள். திருப்பி வைக்கும்போதும் வாசிப்பாள். அதுவும் வாய்விட்டு. என் வீட்டில் தலைவலி மாத்திரை கொடுத்தால்கூட அப்படித்தான். அப்படிப்பட்டவள் தன் பேரில் தொங்குகிற பக்கத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாக, மேலிருந்து கீழ்வரைக்கும், வாய்விட்டு வாசித்தாள். 'உற்றார் உறவினர்' வந்த இடத்தில் அழுதுவிட்டாள். நான் பையிலிருந்த தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளக்ஸ்காரருக்குப் போன் போட்டாள். "அண்ணே, அத இப்பவே எறக்குங்க. தங்கச்சி எழுதுனது அனுப்புறோம், அத ஏத்துங்க."

அத்தான் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஆடியிலயா" என்றார்.

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்ற வம்சந்தானே அத்தான் நீங்க. போன வாரந்தான வெதச்சிட்டு வந்தீங்க. வெத போடலாம், எழுத்தத் திருத்தக் கூடாதா" என்று கேட்டுவிட்டேன்.

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் அக்காவைத்தான் பார்த்தார். அவள் அழுத முகம் அவருக்குப் பழக்கமில்லை. "மழ கெடச்சா வெதச்சுத்தான ஆகணும்" என்று முனகிவிட்டு உள்ளே போய் லேப்டாப்பை எடுத்து வந்து அவர்தான் மேஜைமேல் வைத்தார். குங்குமப் பொட்டு இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, புதுசாக வைக்கவும் இல்லை.

அந்த வாரமே, தேங்காயும் சூடமும் இல்லாமல், புதுப் பக்கம் ஏறியது. விளக்கு இல்லை, படமும் இல்லை, வெறும் எழுத்து. அக்கா அதை அந்தப் பெண்ணுக்கு அனுப்பி, 'நீங்க சொன்னது சரிம்மா, திருத்திட்டோம்' என்று மட்டும் எழுதினாள். பதில் இல்லை. மறுநாளும் இல்லை. நான் அக்காவுக்கு ஓயாமல் போன் போட்டுக் கேட்டதில், "இனிமே கூப்பிட்டேன்னா செருப்பு பிஞ்சிரும்" என்றாள்.

பிறகு ஒரு காலையில் அவளே கூப்பிட்டாள். "கோரிப்பாளையம் போறேன். அந்தப் பொண்ணு வரச் சொல்லிருச்சு. எனக்குப் படபடன்னு வருது, நீயும் வாடி."

தர்கா பக்கத்துத் தெருவில் மாடி வீடு. பெரியவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். அவர் மனைவி ஒரு டப்பா நிறைய மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார். போனில் வீடியோவில் மகள். தூங்காத கண். அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து டப்பாவிலிருந்து முதல் அட்டையை எடுத்தாள். வழக்கம்போல வாய் முணுமுணுத்தது.

"அக்கா" என்றாள் அந்தப் பெண். "எனக்கும் கேக்குற மாதிரி வாசிங்க."

அக்கா அட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பி, பேரை எழுத்து எழுத்தாக, சத்தமாக வாசித்தாள். அடுத்ததை எடுத்தாள். அதையும் வாசித்தாள். டப்பா காலியாகிற வரைக்கும் அங்கிருந்து அந்தப் பெண் ஒவ்வொன்றுக்கும் "ஆமாக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.