போறியா, வர்றியா

பிள்ளை வளர்ப்பதைப் பற்றி எழுதப் படித்தவர்கள் எவ்வளவோ பேர் இருக்கிறார்கள். நான் திண்டிவனத்தில் ஒன்பதாவது வரை படித்தவள். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறந்து பேசவும் வராது. அப்படிப்பட்டவள் பேனாவைத் தொடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதும்மா. ஆனா என் பேரையும் போடாத, உன் பேரையும் போடாத" என்றாள். அதனால் இதில் யாருக்கும் பெயர் இல்லை.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் விழுப்புரத்தில், ரயில்வே லைனை ஒட்டிய ஒரு தெருவில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே ஓடும் வண்டி. கல்யாணமாகிப் பல வருஷமாகியும் எங்களுக்குக் குழந்தை இல்லை. திண்டிவனத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஒரு குழந்தைகள் இல்லத்தில் தத்துக்கு எழுதிவைத்திருந்தோம். ஒரு பொங்கல் கழிந்த வாரம் வரச்சொல்லி ஆள் விட்டார்கள்.

இல்லத்துக்குப் பொறுப்பான சிஸ்டர் எதையும் மறைக்கவில்லை. பிள்ளைக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கலாம் என்றார். அம்மா செத்த பிறகு ஒரு உறவுக்காரன் வீட்டில் இருந்தாளாம். அவன் அவளை வதைத்ததைத் தெருக்காரர்கள் பார்த்து மீட்டுக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். முழங்கைக்கு மேலே சூடு போட்ட தழும்புகள் இருந்தன.

"ஏற்கெனவே ஒரு வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்த பிள்ளை இது" என்றார் சிஸ்டர். "பள்ளிக்கூடம் திறக்கிறதுக்கு முன்னால ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. உங்ககிட்ட பயமில்லாம இருக்காளான்னு பார்ப்பேன். இல்லேன்னா இங்கேயே இருக்கட்டும். இன்னொரு வீட்டுக்கு அனுப்பி இன்னொரு தடவை திரும்பி வர்றதை அவ தாங்க மாட்டா."

சரி என்று தலையாட்டி அழைத்து வந்தோம்.

அவள் அழுகிற பிள்ளை இல்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தட்டில் சோறு வைத்தால் நான் நகரும்வரை தொடமாட்டாள். தலை சீவ விடமாட்டாள். ஆனால் வீட்டுக்குப் பின்னால் எஞ்சின் கூவினாலும், பெட்டிகள் இடித்துக்கொண்டாலும் அவளுக்கு ஒன்றும் இல்லை. அவள் பயந்தது தினமும் ஒரே நேரத்தில்தான். காலையில் வீட்டுக்காரர் டூட்டிக்குக் கிளம்பும்போது. அவர் வாசலில் செருப்பை மாட்டியதும், அரிசி டிரம்முக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில் போய்ச் செருகிக்கொள்வாள். அங்கிருந்து வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். பாவாடை நனைந்திருக்கும்.

காக்கிச் சட்டையைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று முதலில் நினைத்தோம். அவர் காக்கியைப் பைக்குள் வைத்து எடுத்துப்போய் டெப்போவில் மாற்றிக்கொண்டார். அப்படியும் ஓடினாள். பிறகு மீசையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பெரிய மீசை அவருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றும் சொல்லாமல் சலூனுக்குப் போய் எடுத்துவிட்டு வந்தார். டெப்போவில் ஒரு வாரம் அவரை விடவில்லையாம்.

"இன்னா அண்ணே, நாடகத்துல பொம்பள வேஷம் கட்டப் போறீங்களா?"

"அண்ணி எடுக்கச் சொல்லிட்டாங்களாக்கும்."

அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்திருக்கிறார். மறுநாளும் பிள்ளை டிரம்முக்குப் பின்னால்தான் இருந்தாள்.

விஷயம் பிடிபட்டது ஒரு பிற்பகலில். நான் சமையற்கட்டில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவள் கூடத்தில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சின்னதாக ஒரு கொட்டையைத் தரையில் வைத்து அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்தாள். பெரிய கொட்டை ஒன்று தள்ளி இருந்தது. தொண்டையைக் கனமாக்கிக்கொண்டு ஆம்பளைக் குரலில் சொன்னாள்:

"இரு. டீ குடிச்சிட்டு வர்றேன்."

பிறகு சும்மா இருந்தாள். ரொம்ப நேரம் இருந்தாள். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் அதே குரலில், "வர்றேன்."

என் வீட்டுக்காரர் தினமும் வாசலில் நின்று உள்ளே பார்த்துச் சொல்வதும் அதே சொல்தான். வெளியே கிளம்புகிறவர்கள் 'போறேன்' என்று எங்கள் வீடுகளில் சொல்லமாட்டார்கள். சொன்னால் திரும்பாத போக்கு என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். 'வர்றேன்' என்றுதான் சொல்லிவிட்டுப் போவோம். அவளுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் வேறாக இருந்திருக்கிறது. அந்த உறவுக்காரன் அப்படிச் சொல்லிவிட்டு டீ குடிப்பான். குடித்து முடித்துவிட்டு வருவான்.

அன்று டூட்டி முடிந்து வந்தவரிடம் சொன்னேன். மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

"அப்ப மீச அநியாயமா பூட்ச்சா" என்றார்.

மறுநாள் ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் பார்த்தார். அது இன்னும் மோசமாகப் போனது. அவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. கதவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், கொல்லைப்பக்கம் எல்லாம் தேடினாள். சாயந்தரம்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவர் செருப்பை மாட்டும்போது டிரம்முக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போறியா, வர்றியா?"

அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் என்னைப் பார்த்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"போறேன்" என்றார்.

"எங்க?"

"டூட்டிக்கு. பஸ்ஸு ஓட்டப் போறேன்."

அவள் எழுந்து வந்து ஜன்னலில் ஏறி, அவர் தெருவில் நடந்து போவதைப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, "பூட்டாரு" என்றாள். அன்றைக்கு என் எதிரிலேயே இட்லி சாப்பிட்டாள்.

அவள் சாப்பிட்டாள், எனக்கு இறங்கவில்லை. கூட்டேரிப்பட்டு ரோட்டில் லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டது என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது யாராவது வந்து சொல்வார்கள். அந்த ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர் வாசலில் நின்று 'போறேன்' என்று சொல்லிவிட்டுப் போனால் வீட்டில் இருப்பவளுக்கு எப்படி இருக்கும். நான் அவரிடம் சொன்னேன். அவர் ஒரு வழி செய்தார். வாசலில் 'போறேன்' என்று உரக்கச் சொல்வார். தெருமுனைக் குழாயடிக்குப் போனதும் நின்று திரும்பிப் பார்த்து 'வர்றேன்' என்று வாயசைப்பார். எனக்குச் சத்தம் கேட்காது. தலையசைப்பேன். தண்ணீர் பிடிக்கும் பெண்கள் இதைப் பார்த்துவிட்டு, "வயசான காலத்துல இன்னாடி இது ஜாடை" என்று கேலி செய்தார்கள். நான் விளக்கம் சொல்லப் போகவில்லை.

சித்திரையில் என் நாத்தனார் அனந்தபுரத்திலிருந்து கேப்பை மாவும் மல்லாட்டையும் கொண்டுவந்தார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். காலையில் தம்பி கிளம்பும்போது சொன்னதைக் கேட்டுவிட்டார்.

"அடப்பாவி, ஸ்டேரிங்கு புடிக்கிறவன் சொல்ற சொல்லாடா இது? இவளும் வாய மூடிக்கினு நிக்கறா பாரு."

"உனக்குத் தெரியாதுக்கா, வுடு" என்று அவர் போய்விட்டார்.

"எனக்கு இன்னா தெரியாது? அந்தப் பிள்ள வந்ததுலருந்து உங்க ரெண்டு பேருக்கும் புத்தி பேதலிச்சிப் பூட்ச்சி. கொண்டுபோயி வுட்டுடுங்க. ஊரு ஒலகத்துல வேற பிள்ளயா இல்ல?"

எனக்கு எதிர்த்துப் பேச வராது. மத்தியானம் நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினார். வழக்கப்படி, "சரி, நான் வர்றேன்" என்றார். கூடத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த பிள்ளையைக் காணோம். டிரம் அசைந்தது. நாத்தனார் படியேறித் திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். தன் தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். கைத் தழும்பையும் அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன். 'வர்றேன்' என்ற சொல் அவளுக்கு என்ன என்று காதோடு சொன்னேன்.

அவருக்கு 'போறேன்' என்று சொல்ல வாய் வரவில்லை.

"நான் அனந்தபுரம் பஸ்ஸு ஏர்றேன் கண்ணு" என்றார். "ஏறி ஒக்காந்துக்குவேன்."

அதற்குப் பிறகு கடைசிவரை எங்கள் வீட்டில் அவர் அப்படித்தான் விடைபெற்றார். கொண்டுபோய் விடுங்கள் என்ற பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியது. அதற்கு முந்தின நாள் அவர் ஓட்டிய வண்டியிலேயே நானும் அவளும் திண்டிவனம் போனோம். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் அவர் கியர் போடுவதையே பார்த்துக்கொண்டு வந்தாள். பஸ் ஸ்டாண்டில் எங்களை இறக்கிவிட்டு, ஒரு நடை விழுப்புரம் போய்த் திரும்பி வந்து ஏற்றிக்கொள்வதாகச் சொன்னார்.

இல்லத்தின் கேட்டைப் பார்த்ததும் அவள் கை என் கைக்குள் கட்டையாகிவிட்டது. சிஸ்டர் அவளிடம் ஏதேதோ பேசிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பிறகு சிஸ்டர் என்னிடம், "கொஞ்சம் பக்கத்து ரூமுக்கு வாங்க, பேசணும்" என்றார்.

நான் எழுந்தேன். இத்தனை மாதம் வாயைக் கட்டியிருந்தவள், சிஸ்டரோடு தனியாகப் பேசவேண்டுமே என்ற கூச்சத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

"இங்கயே இரு, வர்றேன்" என்றேன்.

பெஞ்சில் இருந்தவள் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டாள்.

சிஸ்டர் நின்றார். "இன்னும் இப்படித்தான் இருக்காளா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. கஷ்டம்தான் இருந்தது. டம்ளரையும் மல்லாட்டையையும் பற்றி ஒரு படித்த அம்மாளிடம் எங்கிருந்து ஆரம்பிப்பது. நான் தரையில் உட்கார்ந்தேன்.

அடியிலிருந்து கேட்டாள், "போறியா, வர்றியா?"

வீட்டில் இதற்குப் பதில் தெரியும். இங்கே 'போறேன்' என்றால் அவளை விட்டுவிட்டுப் போகிறேன் என்று ஆகும். முன்னால் கூட்டிப்போனவர்கள் இதே அறையில் விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள். 'வர்றேன்' என்றால் அவன். இரண்டு சொல்லும் ஆகாது.

"அந்த ரூமுக்குப் போறேன்" என்றேன். "சிஸ்டரம்மாகிட்ட பேசுவேன். பேசிட்டு இங்க வருவேன்."

"அடிக்கவா?"

"இல்ல. உன்னக் கூட்டிக்கினு போறதுக்கு. அப்பா பஸ்ஸுல நாம வூட்டுக்குப் போவணும்ல."

பெஞ்சுக்கு அடியிலிருந்து முகம் மட்டும் வெளியே வந்தது.

"போய்ட்டு வா" என்றாள்.

எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் வீட்டில் இருப்பவர் சொல்வதுதான் அது. ஜன்னலில் உட்கார்ந்து கேட்டிருப்பாள் போலிருக்கிறது. நான் பக்கத்து அறைக்குப் போனேன். என்னால் முடிந்தவரை சிஸ்டருக்குச் சொன்னேன். மீசை எடுத்ததைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பி வந்து பார்த்தபோது அவள் பெஞ்சின்மேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா" என்றாள்.

"பயம் போகலை" என்றார் சிஸ்டர். "ஆனா உங்ககிட்ட கேக்கத் தெரிஞ்சிருக்கு. கூட்டிட்டுப் போங்க. ஸ்கூல்ல சேர்த்துடுங்க."

மறுநாள் வீட்டுக்காரருக்கு மத்தியான டூட்டி. மூவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வயதுக்கு அத்தாட்சி இல்லை என்றதும், தலைமை ஆசிரியை வலது கையைத் தலைக்குமேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார்; தொட்டால் ஐந்து முடிந்தது என்று கணக்கு. விரல் காதை எட்டியது. ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.