எடுத்துவிட்ட நாலு பக்கம்

ஹெலன் சிஸ்டர் எழுதிய புத்தகம் பதினோரு பதிப்பு கண்டுவிட்டது. சங்கரன்கோவிலில் அது அவர் எழுதியது என்று தெரிந்த ஒரே ஆள், அதைப் போட்ட விஜயராஜ்தான்.

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் முப்பது வருஷம் கிராம சுகாதார செவிலியராக அலைந்தவர் ஹெலன். பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு காதோடு காதாகக் கேட்ட சந்தேகங்களை எல்லாம் நோட்டில் குறித்துவைத்து, கல்யாணமானவர்களுக்கான தாம்பத்திய விளக்கமாக எழுதினார். பஸ் ஸ்டாண்ட் பக்கம் புத்தகக்கடை வைத்திருந்த விஜயராஜ், இல்லாத ஒரு ஆம்பளை டாக்டரின் பெயரை அட்டையில் போட்டார். பொம்பளை எழுதியது என்று தெரிந்தால் ஊர் சிரிக்குமாம். ஹெலன் கையால் பிரசவம் பார்த்துக்கொண்டபோது சிரிக்காத ஊர்!

பெயர் போனால் போகட்டும், விஷயம் போய்ச் சேர்ந்தால் சரி என்று ஹெலன் தலையாட்டினார்.

முதல் பதிப்பு தூசி படிந்து கிடந்தது. ஆண்கள் நின்றபடியே புரட்டுவார்கள். ஒரு அத்தியாயம் வந்ததும் முகத்தைச் சுளித்து வைத்துவிடுவார்கள். மனைவி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தாலி கட்டியதால் அது மாறாது என்று அதில் இருந்தது.

"சிஸ்டர், அந்த நாலு பக்கத்த எடுத்திருவோம். வாங்குதவன் ஆம்பள. அவனுக்கே புத்தி சொன்னா எவன் வாங்குவான்?" என்றார் விஜயராஜ்.

"நான் எழுதுனதே அதுக்குத்தான அண்ணாச்சி."

"மத்த நூறு பக்கமாவது போய்ச் சேரட்டுமே."

ஹெலன் மூன்று நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். இரண்டாம் பதிப்பு மூன்றே மாதத்தில் தீர்ந்தது. அப்புறம் வருஷத்துக்கு ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஹெலன் அந்த நாலு பக்கத்தைக் கேட்பார். அடுத்த பதிப்பில் பார்ப்போம் என்பார் விஜயராஜ்.

போன மாதம் மகள் எப்சிபா பையும் கையுமாக வந்து நின்றாள். கல்யாணமாகி எட்டு மாதம். இரண்டு மணிக்கட்டும் கன்றிப்போயிருந்தன. ஹெலன் முப்பது வருஷமாகப் பார்த்த தடம்தான் அது.

மறுநாள் மருமகன் பிரவின்ராஜ் அவளைக் கூட்டிப்போக வந்தான். ஹெலன் மகளின் தோளைப் பிடித்தபடி நின்றார்.

"வேண்டாம்னு சொன்ன பிள்ளைய என்ன செஞ்சிய மாப்பிள?"

"புருஷன் பொண்டாட்டிக்குள்ள என்ன அத்தை வேண்டாம்? நான் ஒண்ணும் தெரியாதவன் இல்ல. டாக்டர் எழுதுன புஸ்தகத்த முழுசாப் படிச்சிட்டுத்தான் கல்யாணம் முடிச்சேன். பதினோரு பதிப்பு வந்த புஸ்தகம். பொண்டாட்டி வேண்டாம்னா விட்டுரணும்னு அதுல எங்கயும் போடலயே!"

ஹெலன் அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"போட்டிருந்தேன். அந்தப் புஸ்தகத்த எழுதுனவ நான்தான். விக்க மாட்டேங்குதுன்னு அந்த நாலு பக்கத்த எடுக்கச் சம்மதிச்சவளும் நான்தான்."

பிரவின்ராஜ் நம்பவில்லை, சிரித்தான். எப்சிபா நம்பினாள். தன் தோளில் இருந்த அம்மாவின் கையை எடுத்து விலக்கினாள்.