கடுகு தாளிக்காத கீரை

முள்ளங்கியின் தழையைத் திருகிப் போட வேண்டாம், அப்படியே கொடுங்கள் என்று காய்க்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எங்கள் இருவருக்கும் எப்போதும் நடக்கிற வழக்கு அது. குப்பை என்று நினைத்து அவர் திருகப்போவார், நான் தடுப்பேன். "வூட்டுல ஆடு வளக்கிறீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுப் பையில் போட்டார். ஓரமாக வந்து போனை எடுத்துப் பார்த்தேன். எங்கள் செக்‌ஷன் வாட்ஸப் குழுவில் செய்தி. கன்வேயர் கன்ட்ரோல் ரூமில் நம்மோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற கலியபெருமாள், திருப்பூரில் மகள் வீட்டில் காலமாகிவிட்டார். முந்தின நாளே எல்லாம் முடிந்துவிட்டது. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நடுவில் ஒருவர் எழுதியிருந்தார்: "சுகருக்காகக் கடைசி வரை பச்சைக் கீரையே சாப்பிட்டவர். அந்தக் கட்டுப்பாடு நமக்கெல்லாம் வராது."

கலியபெருமாளுக்குச் சுகர் இருந்ததே இல்லை. அவரோடு ஷிப்ட் பார்த்த உங்களுக்கு அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்லக்கூடாது என்று அவர் என்னிடம் வாக்குறுதி எதுவும் வாங்கவில்லை. நீங்கள் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் அவரைத் 'தழை' என்று கூப்பிட்டீர்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "ஆமா சார், தழையத் தின்னுதான் இந்த ஒடம்பு" என்று தொப்பையைத் தட்டிக் காட்டுவார். குறிஞ்சிப்பாடிப் பக்கத்து ஆள். நான் விருதுநகர்ப் பக்கம். எங்கள் குவார்ட்டர்ஸ்கள் எதிரெதிரே இருந்தன. என் மனைவி மகளின் படிப்புக்காகச் சென்னைக்குப் போனவள், பிறகு மகளின் வேலைக்காக அங்கேயே தங்கிவிட்டாள். ஆகையால் சாயங்காலங்களில் தெருவின் அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர் என்று உட்கார்ந்திருப்போம்.

அவருடைய மனைவி அஞ்சலை இறந்தது ஒரு மார்கழியில். காலை ஷிப்ட் முடிந்து இவர் வீட்டுக்கு வந்தபோது, அந்தம்மா ரசம் வைத்து இறக்கிவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு, சமையலறைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றுதான் இவர் முதலில் நினைத்தாராம். சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது அல்லவா, கருமாதி வரை உறவுக்காரர்கள் கேரியரில் சாப்பாடு கொண்டுவந்தார்கள். பிறகு அவர்கள் ஊருக்குப் போனார்கள். மகளும் திருப்பூருக்குப் போனாள். அடுப்பை மூட்டலாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இவரும் மூட்டவில்லை.

மதியத்துக்குக் கேன்டீன் இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் வழி வேண்டும். அஞ்சலை வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த பாத்தியில் அந்தப் பனிக்கு எல்லாம் செழித்துக் கிடந்தன: முள்ளங்கி, வெந்தயக்கீரை, பாலக், நூக்கல், ஓரமாகக் கொத்தமல்லி. நான் ஒரு சாயங்காலம் எட்டிப் பார்த்தபோது, கல்யாண வீட்டில் சாதம் கிளறுகிற அளவுக்கு ஒரு பேசினைத் தரையில் வைத்து, அதற்குள் இரண்டு கைகளையும் விட்டுக் கீரையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, துணி துவைக்கிறீங்களா?" என்றேன்.

"உக்காருங்க சார். முள்ளங்கித் தழ சொணையா இருக்குது. அப்படியே தின்னா தொண்டையில அறுக்கும். உப்புப் போட்டுக் கசக்கினா அடங்கிடும்."

முதல் நாள் நான் மரியாதைக்காகத்தான் சாப்பிட்டேன். கீரையைப் பச்சையாகத் தின்கிற வழக்கம் எங்கள் பக்கத்திலும் கிடையாது. ஆனால் அது வேடிக்கைக்குக் கொறிக்கிற தழை இல்லை, வயிறு நிறைகிற சாப்பாடு. நீளநீளமாக அரிந்த முட்டைக்கோஸ், துருவிய நூக்கல், முளைவிட்ட பச்சைப்பயறு, ராத்திரியே ஊறப்போட்ட வேர்க்கடலை. கடலையை அவர் மல்லாட்டை என்பார். மேலே தேங்காய்த் துருவல், இஞ்சி, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு, கடைசியாகச் செக்கு எண்ணெய் ஒரு கை. மென்று முடிப்பதற்குள் தாடை வலித்தது. முதலில் கசந்தது, அப்புறம் புளித்தது, கடைசியில் கடலை இனித்தது. மறுநாளும் போனேன்.

நம் ஊர்க் கீரையை நீங்கள் அறிவீர்கள். நிலக்கரி மைன்ஸ் பக்கமிருந்து காற்றடித்தால் வருகிற பழுப்புத் தூசி மார்கழிப் பனியில் இலையோடு ஒட்டிக்கொள்ளும். உதறினால் போகாது. இலை இலையாகத் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரை அலச வேண்டும். அந்த வேலை என்னுடையது. அவர் அரிவார், நான் அலசுவேன். அலசிய தண்ணீரைப் பாத்திக்கே திருப்பி ஊற்றுவோம். "மைன்ஸு எடுத்ததக் கொஞ்சம் கொஞ்சமா உள்ளயே போட்டுகினு இருக்கோம் சார்" என்பார்.

இன்னொன்றும் சொல்வார்: "இது ஒண்டி ஆளு பண்ற பண்டம் இல்ல சார்." உண்மைதான். ஒரு கோஸை அரிந்தால் ஒரு ஆளால் தின்று தீர்க்க முடியாது. உப்புப் போட்ட பிறகு மறுநாளைக்கு வைக்கவும் முடியாது, தண்ணீர் விட்டுத் தொங்கிப்போகும். அன்றைக்குப் பிசைந்தது அன்றைக்கே தீர வேண்டும், அதற்கு எதிரே இன்னொரு தட்டு வேண்டும். என்னை வரச்சொல்லி அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பேசின் நிறைய அரிந்து வைத்துவிட்டுத் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்.

இந்தச் சங்கதியைப் போனில் என் மனைவியிடம் சொன்னபோது, "எல்லாம் சரி, ரெண்டு கடுகு தாளிச்சுக் கொட்டச் சொல்லுங்க. பச்சை வாடை போயிரும்" என்றாள். நல்ல யோசனையாகப் பட்டது. அன்று சாயங்காலம் கரண்டியும் கடுகும் எடுத்துக்கொண்டு நேரே அவர் சமையலறைக்குள் போய்க் கேஸ் அடுப்பின் திருகில் கை வைத்தேன்.

"சார், வேணாங்க."

அவர் குரல் உயரவில்லை. ஆனாலும் கையை எடுத்துவிட்டேன். பேசினுக்குள் இருந்த கையை அவர் எடுக்கவே இல்லை. கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"அது அஞ்சல அணைச்சது. அவ கடைசியா செஞ்ச வேல அதான் சார். நாம தொறந்துட்டா அதும் இல்லாமப் பூடும்."

கடுகைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தேன். அன்றைக்கும் இருவரும் சேர்ந்து பேசினைக் காலி செய்தோம். அதற்குப் பிறகு அந்தத் திருகைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. செக்‌ஷனில் யாரோ "என்ன, சுகரா?" என்று கேட்டபோது "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். அது அவருக்கு வசதியான பதில். சுகர் என்று சொல்லிவிட்டால் நம் ஊரில் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்பதில்லை.

சூடான சோற்றின் மேல் அவருக்கு வெறுப்பு ஒன்றும் இல்லை. லீவு நாட்களில் வடலூர் தருமசாலைக்குப் போய்ப் பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சாதமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார். ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டார். திரும்பும் பஸ்ஸில், "அங்க அடுப்பு அணையறதே இல்ல சார். அதனால நமக்கு ஒரு யோசனையும் வரதில்ல" என்றார். பஸ் டவுன்ஷிப்புக்குள் நுழைகிற வரை ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பி வைத்திருந்தார்.

பிறகு அவருடைய ஓய்வு வந்தது. பிரிவு உபசாரத்துக்கு என்ன வாங்குவது என்று நாம் கூடிப் பேசியது நினைவிருக்கும். பாவம், தனி ஆள், கேஸ் அடுப்போடு மல்லுக்கட்ட முடியாமல்தான் தழையைத் தின்கிறார் என்று முடிவு செய்து, எல்லோரும் சேர்ந்து கரண்ட் அடுப்பு வாங்கிக் கொடுத்தோம். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். காரணம் கேட்பீர்களே என்று வாயை மூடிக்கொண்டேன். அவர் மாலையோடு நின்று, சிரித்துக்கொண்டே பெட்டியை வாங்கி, "இனிமே சூடா சாப்புடுறங்க" என்றார். எல்லோரும் கை தட்டினோம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிக்காமல் என் கையில் கொடுத்துவிட்டார்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்த காலையில் வாசலில் சின்ன லாரி நின்றது. கட்டில், பீரோ எல்லாம் ஏறிவிட்டன. சாமான் ஏற்ற வந்தவர் அடுப்பைக் கழற்றுவதற்காகத் திருகைத் தொடப்போனார். "இருப்பா" என்று அவரை நிறுத்திவிட்டு, கலியபெருமாள் என்னிடம் தீப்பெட்டி கேட்டார்.

அடுப்பைப் பற்றவைத்தார். பாத்திரங்கள் எல்லாம் லாரியில் ஏறிவிட்டதால் என் வீட்டிலிருந்து ஒரு சட்டியும் டீத்தூளும் கொண்டுவந்தேன். பால் இல்லாத டீ. லாரிக்காரர்களுக்கும் கொடுத்தார். குடித்து முடித்ததும் போய்த் தானே திருகை மூடினார். கொஞ்ச நேரம் கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

"இப்ப இது நான் அணைச்சது" என்றார். "கழட்டிக்கப்பா."

லாரியில் ஏறுவதற்கு முன் அந்தப் பேசினைத் தூக்கிவந்து என் வாசலில் வைத்தார். "மக வூட்டுல அரியறதுக்கு ஆள் இருக்குது சார். பாத்தியப் பாத்துக்குங்க." அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. போனில் பேசும்போதெல்லாம், "பனி வுழுந்துடுச்சா, தழ எப்பிடி இருக்குது?" என்றுதான் ஆரம்பிப்பார். எதிர் வீட்டுக்கு வேறு குடும்பம் வந்தது. பாத்தி இருந்த இடத்தில் அவர்கள் பைக் ஷெட் போட்டுவிட்டார்கள். இதை நான் அவரிடம் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் கேட்டால் பார்த்துச் சொல்லக் கையில் கொஞ்சம் தழையாவது வேண்டுமே, அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் முள்ளங்கியைத் தழையோடு வாங்குகிறேன்.

சந்தையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் டீ போடலாம் என்று அடுப்பருகே போனேன். நாம் வாங்கிக்கொடுத்த அதே கரண்ட் அடுப்புதான். பொத்தானை அமுக்கினால் போதும். கை போகவில்லை. திருப்பூர் வீட்டில் இந்நேரம் அடுப்பு எரியாது, உறவுக்காரர்கள் சாப்பாடு கொண்டுவருவார்கள். கூட வேலை பார்த்தவனுக்குத் தீட்டு உண்டா? தெருக்கோடியிலிருந்து கேரியரோடு யார் வரப்போகிறார்கள்? அழுகை வந்தது. அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

பேசினை எடுத்துத் தரையில் வைத்தேன். நானே அலசினேன், நானே அரிந்தேன். தழையின் சுணை அடங்குகிற வரை உப்புப் போட்டுக் கசக்கினேன். எவ்வளவு குறைத்தும் இரண்டு பேருக்கானது சேர்ந்துவிட்டது. எனக்கு வேறு கணக்குத் தெரியாது. அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்தப் பேசினும் இந்த அளவும்தான். இரண்டையும் நான் குறைத்துக்கொள்ளப்போவதில்லை. முடிந்த மட்டும் தின்றேன்.

விளக்கு வைக்கிற நேரத்தில் சென்னையிலிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"சாப்பிட்டீங்களா? என்ன வச்சீங்க?"

"இன்னைக்கு அடுப்பு மூட்டலை" என்றேன்.

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

"யாருங்க?" என்று கேட்டாள்.