சேகோ ஆலையில் போன கை

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நான் வக்கீல் பலகை மாட்டிய இரண்டாம் வருடம் அந்தப் பெண் வந்தாள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி அது. ராசிபுரத்துப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ ஆலையில், குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை அரைக்கும் எந்திரத்தில் கிழங்கைத் தள்ளிக்கொண்டிருந்தபோது அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. எந்திரத்தின் வாய்க்கு மூடி கிடையாது.

"ஆஸ்பத்திரியிலிருந்து நேரா மொதலாளி ஊட்டுக்குப் போனனுங்க. நீ யாருன்னே தெரியாதுங்கறாரு சாமி" என்றாள். ஆறு வருடம் அங்கே வேலை செய்தவள்.

நான் தொழில் பழகிய சீனியரிடம் போய்ச் சொன்னேன். "ஆலைக்காரங்களப் பகைச்சுக்கிட்டா இந்த ஊர்ல உனக்கு யாருப்பா கேஸ் குடுப்பாங்க?" என்றார். நல்ல மனிதர்தான். நல்லவர்களே இப்படிப் பேசுகிறார்களே என்றுதான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. வழக்கை எடுத்துக்கொண்டேன்.

நஷ்டஈட்டு விசாரணையில் ஆலைத் தரப்பு கூசாமல் ஒரு கதை சொன்னது. அவள் வேலைக்காரியே இல்லையாம். மாட்டுக்குப் போட, பால் பிழிந்த கிழங்குத் திப்பியை அள்ள வந்தவள், வேடிக்கை பார்க்கப் போய்க் கையை விட்டாளாம். பதிவேட்டில் அவள் பெயர் இல்லையாம். எப்படி இருக்கும்? அங்கே வேலை செய்த எந்தப் பெண்ணின் பெயரும் அதில் இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் அவளைப் பார்த்து, "கை நிறைய வளையல் போட்டிருந்தியா? யாரோட பேசிட்டிருந்தே?" என்று குடைந்தார்.

அடுத்து மேஸ்திரி சாட்சி சொல்ல வந்தார். நான் எழுந்தேன்.

"சத்தம் கேட்டு எந்திரத்த நிறுத்துனது யாருங்க?"

"நாந்தானுங்க."

"அப்ப இந்தம்மா எங்க நின்னுட்டிருந்தாங்க?"

"அவ எப்பவும் நிக்கற எடத்துலதானுங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முதலாளியைத் திரும்பிப் பார்த்தார். நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஜெயித்தோம். ஆனால் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. விரலுக்கு இத்தனை, கைக்கு இத்தனை என்று. அதைப் பார்த்து அதிகாரி அவள் கையை மதிப்பிட்டபோது, கறிக்கடையில் நிற்பதுபோல இருந்தது எனக்கு. வக்கீல்கள் அறையில் எனக்குக் 'கைகால் வக்கீல்' என்று பட்டம் வைத்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும். சங்ககிரி லாரிகளில் மூட்டை ஏற்றி இடுப்பொடிந்தவர்கள் அந்தப் பட்டத்தைச் சொல்லித்தான் என் மாடிக்கு வழி கேட்டு வந்தார்கள்.

தீர்ப்பு வந்த அன்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "அந்த எந்திரத்துக்கு மூடி போட்டுட்டாங்களா சாமி?"

மறுவாரம் ஆலைக்குப் போனேன். மூடி இல்லை. அதே இடத்தில் வேறொரு பெண் கிழங்கு தள்ளிக்கொண்டிருந்தாள். "அதான் கேசு முடிஞ்சுதுங்களே வக்கீலய்யா" என்றார் முதலாளி, மோர் கொண்டுவரச் சொல்லிக்கொண்டே.

மோரைத் தொடாமல் வந்து, தொழிற்சாலை ஆய்வாளருக்குப் புகார் எழுதினேன். பதில் இல்லை. மறுபடி எழுதினேன். நான்காவது கடிதத்துக்குப் பிறகுதான் ஒரு தகரத் தகட்டை வளைத்து அந்த வாயை மூடினார்கள். அரை நாள் வேலை.