வண்டி வீட்டுக்கு வந்த சீர்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். இதையும் எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் கருமத்தம்பட்டிப் பக்கம் வந்து லாரிக்கு பாடி கட்டும் பட்டறை எது என்று கேட்டால், யாராக இருந்தாலும் என் இடத்துக்குத்தான் கை காட்டுவார்கள். தகரக் கொட்டகையில் ஒரே ஒரு வெல்டிங் மெஷினோடு ஆரம்பித்தவன். அப்பன் சொத்து கிடையாது. பேங்கில் உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. அதிலிருந்து பட்டறை கட்டினேன், மாடி வீடு கட்டினேன், பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தேன். நான் பாடி கட்டிய லாரிகள் காஷ்மீர் வரைக்கும் ஓடுகின்றன. நான்தான் பழனியைத் தாண்டியதில்லை. என் வீட்டுக்காரம்மாவும் அப்படியே.

அதனால் போன வருஷம் பட்டறையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரு பழைய ஸ்கூல் பஸ்ஸை வாங்கினேன். அதையே வீடாக்கி, இனி உள்ள காலத்துக்கும் அதிலேயே குடியிருந்து ஊர் ஊராகப் போவதென்று முடிவு. வீட்டுக்காரம்மா நாலு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள், போலாமுங்க என்றாள். எனக்கு அதுவே போதும்.

உள்ளே நான் செய்த வேலையை நானே சொல்லிக்கொள்ள வேண்டும், வேறு யார் சொல்வார்கள்? பின்னால் ஒரு மூலையில் சின்னதாக ஒரு பாத்ரூம். நடுவில் அடுப்பு மேடை, அதன் கீழே சிலிண்டருக்குக் கூண்டு. ஒரு பக்கம் எனக்குப் பெஞ்சுக் கட்டில். இன்னொரு பக்கம் அவளுக்குக் கட்டில், அதற்கு அடியில் இழுத்தால் வருகிற டிராயர்கள். பானட்டில் இருந்து பின்கதவு வரை டேப் பிடித்து அளந்து, ஒரு அங்குலம்கூட வீணாகாமல் அடைத்திருந்தேன்.

எல்லாம் முடிந்து தை மாதத்தில் நல்ல நாள் பார்த்து, புது வீடு மாதிரியே பால் காய்ச்சலாம் என்றேன். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி, மாவிலை கட்டி, சொந்தக்காரர்களை அழைத்தேன். கேலிக்குக் குறைவில்லை. வாசல் எந்தத் திசைங்க என்று ஒருவர் கேட்க, ரோடு திரும்புற திசைங்க என்று இன்னொருவர் பதில் சொல்ல, ஒரே சிரிப்பு.

சிரித்துக்கொண்டிருந்தபோதுதான் தொண்டாமுத்தூரில் இருந்து மச்சானின் டெம்போ வந்தது. வீட்டுக்காரம்மாவின் ஒரே அண்ணன். புது வீட்டுக்குப் பால் காய்ச்சினால் அண்ணன் சீர் கொண்டுவர வேண்டும், அது எங்கள் பக்கம் எழுதாத சட்டம். தட்டில் சேலை, வேட்டி, பழம், பித்தளைக் குடம் என்று வருமென நினைத்திருந்தேன். அதெல்லாம் வந்தது. கூடவே, டெம்போவின் நீளத்துக்கு மல்லாக்கப் படுக்கவைத்து, இரும்பு பீரோ ஒன்றும் வந்தது.

ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிற பீரோவை அந்த வண்டிக்குள் எங்கே நிறுத்துவது? கூரை இடிக்கும். நின்றாலும் முதல் வளைவில் எங்கள் தலைமேல் சாயும்.

மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். "மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. இது ஊட்டுலயே இருக்கட்டும். வண்டிக்குள்ள எடம் பத்தாதுங்க."

அவர் முகம் சுருங்கியது. அந்த வருஷம் அவர் தோப்பில் யானை புகுந்து தென்னை முழுக்கச் சாய்த்திருந்தது. அப்படியும் தங்கைக்குக் குறை வைக்கக்கூடாதென்று கொண்டுவந்திருந்தார்.

"மாப்ள, எந்த ஊட்டுக்குப் பால் காச்சறீங்களோ அந்த ஊட்டுக்குத்தான் சீரு. உள்ள எடம் இல்லீன்னா, எங்களுக்கும் எடம் இல்லீன்னுதான அர்த்தம்?" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

வீட்டுக்காரம்மா என்னைத் தனியாக வண்டிக்குப் பின்னால் கூப்பிட்டாள். "அண்ணன் சீரு திரும்பிப் போச்சுன்னா நானும் ஏறமாட்டனுங்க" என்றாள். சத்தம் போடவில்லை, கண் கலங்கவில்லை. அவள் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். ஆசை ஆசையாகக் கட்டிய வண்டி, பட்டறை வாசலிலேயே துருப்பிடிக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துபோனது.

நான் டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறினேன். அளந்ததையே திரும்ப அளந்தேன். பாத்ரூமை எடுத்துவிடலாமா, அடுப்பு மேடையைக் குறைக்கலாமா என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். என்ன செய்தாலும் பீரோ நிற்கவில்லை.

வெளியே வந்தால், அவள் டெம்போவையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நாங்கள் பஞ்சாயத்துப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் டெம்போ டிரைவர் அந்த பீரோவின் மேல் துண்டை விரித்து, காலை நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். தலைமாட்டிலும் இடம், கால்மாட்டிலும் இடம்.

"ஏனுங்க, பீரோன்னா நிக்கத்தான் வேணும்னு ஆரு சொன்னாங்க?" என்றாள்.

ஓடிப்போய் டேப்பை வைத்தேன். பீரோவின் உயரம், கட்டிலின் நீளம். பீரோவின் அகலம், கட்டிலின் அகலம். பீரோவின் ஆழம், ஒரு மனிதன் உட்கார்ந்தால் கால் தரையில் படுகிற உயரம். ஆயுசு பூராவும் இரும்பை அளந்தவனுக்குத் தெரியாதது, தூங்குகிற ஒரு ஆளைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அவளே அண்ணனிடம் போனாள். "அண்ணா, நீங்க குடுத்த சீரு மேலயேதான் இனி தெனமும் படுத்து எந்திரிப்பேன். போதுமுங்களா?" என்றாள். அவர் போய்த் தூங்குகிற டிரைவரை எழுப்பினார்.

பார்த்துப் பார்த்துச் செய்த டிராயர் கட்டிலை நானே கட்டிங் மெஷின் வைத்து அறுத்து எடுத்தேன். வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மச்சான் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பிடித்து, பின்கதவு வழியாக பீரோவை மல்லாக்க உள்ளே தள்ளினோம். பீரோக் கதவைத் தூக்கித் திறந்தபோதுதான் அடுத்த ஆச்சரியம். நின்றபோது தட்டாக இருந்தது, படுத்ததும் தடுப்பாகிவிட்டது. துணிகளைச் சுருட்டி ஒரு அறையில் குத்தவைத்தாள். அரிசி, பருப்பு, மிளகாய் டப்பாக்கள் ஒரு அறையில் தோளோடு தோள் ஒட்டி நின்றன. பித்தளைக் குடத்துக்குள் டம்ளர்கள், அந்த டம்ளர்களுக்குள் கரண்டிகள், இடுக்கில் சீர்ச்சேலை. லாக்கருக்குள் எங்கள் மாத்திரைகள். மெத்தையை மட்டும் இரண்டாக வெட்டச் சொன்னாள், ஒரு கதவைத் திறக்க முழு மெத்தையையும் தூக்கவேண்டாம் என்று. நான் டிராயரில் திணறித் திணறி அடைத்ததெல்லாம் அதில் அடங்கி, ஒரு அறை காலியாகவும் இருந்தது.

மறுநாள் சத்தியமங்கலம் தாண்டி மலை ஏறினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பின்னால் எது உருளப்போகிறதோ என்று காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். ஒரு கரண்டிச் சத்தம்கூட வரவில்லை. பக்கத்து சீட்டில் அவள் வாயைத் திறந்தபடி மலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இப்போது அந்த வண்டிதான் எங்கள் வீடு. எதையும் நிறுத்திவைத்தே பார்த்துப் பழகியவன் நான். இப்போதெல்லாம் எது இடிக்கிறதோ, அதைப் படுக்கவைத்து ஒருதரம் யோசிக்கிறேன். போகிற ஊரில் வண்டியைப் பார்க்கிறவர்கள் எல்லாம், அம்மா மூளையே மூளை என்கிறார்கள். சொல்லட்டும், நியாயம்தான். ஆனால் அந்த பீரோவை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு சேர்த்து நாலு மூலையிலும் போல்ட் போட்டு முடுக்கியது இந்தக் கை. கைப்பிடியை எடுத்துவிட்டு, முதுகில் குத்தாத மாதிரி மடங்கிப் படிகிற வளையம் வைத்ததும் இந்தக் கைதான். அவளைப் பற்றிச் சொல்கிறவர்கள் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.